தடுக்காத கை

மூன்றடுக்கு வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தபோதே பொற்கொடிக்கு வலது கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. கீழ்த்தட்டில் விரல் நீளத்துக்கு நறுக்கிய சாண்ட்விச், நடுத்தட்டில் பன்னும் இல்லாமல் பிஸ்கட்டும் இல்லாமல் உருண்டையாய் ஏதோ ஒன்று, பக்கத்தில் கிண்ணங்களில் ஜாமும் க்ரீமும். மேல்தட்டு முழுக்க இனிப்பு. குட்டிக் குட்டிக் கேக்குகள், சாக்லேட் பூசியது ஒன்று, எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, தலையில் செர்ரிப் பழத்தை வைத்துக்கொண்டு ஒன்று. கை போய்விடும் போலிருந்தது. பழக்கம் அப்படி. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் கணவர் நாவுக்கரசின் இலையில் இனிப்பு விழுந்த மறு நொடி அது இவள் இலைக்கு மாறியிருக்கும். மைசூர்பாகு, லட்டு, பாதாம் அல்வா, எதுவானாலும் சரி. அவர் இலை ஓரத்தில் நெய்த் தடம் மட்டும்தான் மிச்சம். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து பதினெட்டு வருஷம் இரண்டு பேர் இனிப்பையும் இவளே தின்று இவள் உடம்பு ஊதிப்போனதுதான் கண்ட பலன். இன்றைக்கு அந்தக் கையை மடியில் வைத்து, முந்தானையைச் சுற்றி, மேலே இன்னொரு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டாள். தடுக்கக்கூடாது. சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறான் மகன் செழியன். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் நீ வாயைத் திறக்காதே. அப்பா என்ன வேணா சாப்பிடட்டும்." இன்னிக்கு ஒரு நாள் என்றானே, படவா, இனிமேல் எல்லா நாளும் அப்படித்தான் என்று சொல்ல அவனுக்கும் நாக்கு எழும்பவில்லை.

நாவுக்கரசு பக்கத்தில் மெத்தை நாற்காலியில் பாதி காணாமல் போய் உட்கார்ந்திருந்தார். மகள் கயல் கல்யாணத்துக்குத் தைத்த கோடு போட்ட சட்டை, அப்போது வயிற்றில் பட்டன் பிதுங்கும். இப்போது காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இவள் கையை விட்டு எடுக்கலாம். அதைப் பார்க்காதே, கூரையைப் பார், எவ்வளவு உயரம், விளக்கைப் பார், எத்தனை கண்ணாடித் துண்டு, யார் ஏறித் துடைப்பார்களோ. மூலையில் ஒருத்தன் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான், யாரும் கேட்கவில்லை, அவனும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏசி குளிர் கணுக்காலில் ஏறியது. அவருக்குக் குளிருமே என்று சால்வை எடுத்து வந்திருந்தாள், போர்த்தினால் வியாதிக்காரர் மாதிரி இருக்குமே என்று பையிலேயே விட்டுவிட்டாள். அவரோ வேடிக்கை பார்ப்பதில் மும்முரமாய் இருந்தார். வராமல் என்ன செய்யும் ஆசை? கண்டக்டராய்ச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராய் ரிடையர் ஆன மனுஷன். இந்த ஹோட்டல் வாசல் ஸ்டாப்பில்தான் வெயிலில் நிற்பார், வருகிற பஸ்ஸில் திடுதிப்பென்று ஏறி டிக்கெட்டைக் காட்டு என்பார். மதில் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் மரக்கிளையின் நிழல்தான் இந்த ஹோட்டல் அவருக்குக் கொடுத்த ஒரே உபசாரம். வீட்டுக்கு வந்து சொல்லுவார், "ஒரு நாள் அந்த கேட்டுக்குள்ள போய் டீ குடிக்கணும் கொடி. வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டலு. டீயைத் தனியா, பாலைத் தனியா, சர்க்கரையைத் தனியா கொண்டாந்து வைப்பானாம்." இவள் கரண்டியும் கையுமாய்ப் பதில் சொல்வாள், "ஏன், கலந்தே கொண்டாந்தா கசக்குமா? அதிலயும் சர்க்கரையைத் தனியா வச்சா உங்களுக்கு நல்லதுதான், அங்கேயே விட்டுட்டு வரலாம்." அப்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எல்லாம் எங்கே கொண்டு போய் வைப்பது இனி.

"என்ன போஸ்ட்டுடா குடுத்திருக்கான்?" என்று நாவுக்கரசு கேட்டார். செழியன் ப்ரமோஷன் என்று பொய் சொல்லித்தான் இந்த விருந்து. ப்ரமோஷனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "சீனியர் லீட்பா" என்றான். "போன வருஷமும் அதானேடா சொன்னே?" "அது வேற லீட்பா." "ஓஹோ, லீட்ல இத்தனை வகை இருக்கா" என்று அவர் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்துப் பார்த்தார். "அடப்பாவி, வெள்ளரிக்காய். ரொட்டிக்குள்ள வெள்ளரிக்காயை வச்சு மூடிட்டு இவ்வளவு பவிசா?" கயல் சிரித்தாள், தேவைக்கு மேல் ஒரு பங்கு சத்தமாகவே. அவள் மகள் மகிழினி, ஆறு வயசு, தாத்தாவைப் போலவே ரொட்டியைப் பிரித்து வெள்ளரிக்காயை எடுத்து மேஜை விரிப்பில் வைத்தாள். குடும்பத்தோடு சந்தோஷமாய் வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். பொற்கொடியும் அப்படியே நினைத்துப் பார்த்தாள், ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்துக்கு. டீ வாசம் நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும், மழை பெய்து நின்ற தோட்டத்து வாசம். வீட்டில் போடும் டீயில் டீயைத் தவிர எல்லாம் மணக்கும். இந்த மாதிரி ஒரு டீயை உடம்பு நல்லாயிருக்கும்போதே வாங்கிக் குடித்திருக்கலாமே, யார் கையைப் பிடித்தது? பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீடு என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டு, சாவு சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதானா கேட்டுக்குள் வரவேண்டும்? சே, என்ன வார்த்தை இது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. மனசுக்குள் நினைத்தாலும் அவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயம் வந்தது. நாற்காலியை ஒரு இம்மி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கணையத்தில் கட்டி. ஈரல் வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் செழியன் இதைச் சொன்னபோது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், வார்த்தை ஒன்றும் தலைக்குள் போகவில்லை, அவன் உதட்டோரத்தில் காலையில் தின்ற இட்லியின் பொடி ஒட்டியிருந்தது மட்டும் போனது. தீபாவளியைத் தாண்டினால் பெரிய விஷயம் என்றாராம் டாக்டர். அப்புறம் இவளை உள்ளே கூப்பிட்டு அந்த டாக்டர் சொன்னார், நல்ல மனுஷன்தான், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், "இனிமே சுகர் டயட்டெல்லாம் வேண்டாம்மா. ஆசைப்பட்டதைக் குடுங்க." ஆசைப்பட்டதைக் குடுங்க. அந்த வாக்கியம் அன்றைக்கு உள்ளே நுழைந்தது, இன்னும் வெளியே போகவில்லை. பாத்திரம் கழுவும்போது கேட்கிறது, குக்கர் விசில் அடித்தால் அதிலும் கேட்கிறது. கல்லு என்று சொல்லச் சொன்னவள் இவள்தான். வராந்தாவில் அப்படியே செழியன் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லுன்னு சொல்லுடா. பித்தப்பையில கல்லு. மருந்துல கரைஞ்சிடும்னு சொல்லு. அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா நான் உசிரோட இருக்க மாட்டேன்" என்றாள். ஏனென்றால் அவருடைய அண்ணனுக்கு என்ன ஆனது என்று பார்த்தவள். அவருக்கும் ஏதோ இப்படித்தான், நுரையீரலில். யாரோ படித்த மகராசன், நோயாளிக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டான். பெரியவர் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். கஞ்சி வேண்டாம், பேரப்பிள்ளை வேண்டாம், கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. வியாதி கொல்வதற்கு முன்னால் அந்தச் சுவர் கொன்றுவிட்டது. அந்த வாரமே தூக்கினார்கள். இவரும் அதே ரத்தம். தெரிந்த அன்றைக்கே திரும்பிப் படுத்துவிடுவார். அப்படி ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு இவளால் ஒரு நாள் இருக்க முடியாது. இருக்கிற நாள் கொஞ்சமோ நஞ்சமோ, அதில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்.

அவர் கை மேல்தட்டுக்குப் போனது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டாள், பார்த்தாள். கை நேராகப் போய் எடுக்கவில்லை. செர்ரிப் பழக் கேக்குக்கு மேலே வந்து, அப்படியே அந்தரத்தில் நின்றது. எதற்காக நிற்கிறது என்று உலகத்தில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அடி விழுவதற்காக நிற்கிறது. நறுக்கென்று புறங்கையில் ஒரு தட்டு, "வைங்க" என்று ஒரு அதட்டல், "ஒரே ஒரு வாய்டி" என்று ஒரு கெஞ்சல், "ஒரு வாயுமில்ல, அரை வாயுமில்ல" என்று இவள், அதற்குப் பிறகு அவர் யாரையாவது சாட்சிக்குக் கூப்பிடுவார், "பாருங்கய்யா, ஊருக்கே நான் இன்ஸ்பெக்டரு, வீட்ல இவ எனக்கு இன்ஸ்பெக்டரு." கல்யாண வீடுகளில் சிரிக்காத ஆள் கிடையாது. கையை அமுக்கிக்கொண்டாள். கேக்குக்கு மேலே அவர் கை இன்னும் கொஞ்சம் நின்றது. வேலைக்காரியை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறவள் மாதிரி நின்றது. அப்புறம் எடுத்தது. வாயில் போட்டார், மென்றார், மென்றுகொண்டே பக்கவாட்டில் இவளைப் பார்த்தார். இவள் என்ன செய்தாள்? சிரித்தாள். பாழாய்ப்போன மூஞ்சி, அழவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் சிரித்துத் தொலைத்தது. அவர் இனிப்புத் தின்னும்போது இவள் சிரித்து அவர் பார்த்ததே கிடையாது.

"தாத்தா!" என்று மகிழினி நாற்காலியில் முட்டி போட்டு எழுந்தாள். "உங்களுக்கு சுகர்! ஸ்வீட் சாப்பிடக் கூடாது! பாட்டி, தாத்தா சாப்பிடுறாங்க பாருங்க!" இவளே பழக்கிய பிள்ளை. தாத்தா சமையல்கட்டுப் பக்கம் போனால் வந்து சொல்லு என்று வேவு வேலைக்கு வைத்திருந்த பிள்ளை. கயல் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். "ஷ்ஷ். சும்மா இரு மகி. தாத்தா சாப்பிடட்டும்." சொன்ன வேகமும் சரியில்லை, குரலும் சரியில்லை, அடியில் தண்ணீர் நின்ற குரல். நாவுக்கரசின் தாடை மெல்லுவதை நிறுத்தியது. "அவளை ஏன் அடக்குறே? சரியாத்தானே சொல்றா" என்றார். "ஒரு நாள்தானேப்பா" என்றான் செழியன். "ஆமாப்பா, ஒரு நாள்தானே" என்றாள் கயல். இரண்டு பேரும் அப்பாவையே பார்த்துச் சிரித்தார்கள். ஐயோ, சிரிக்காதீர்களே. அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், சோறு தின்றுகொண்டே, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டே, "டிக்கெட் எடுக்காதவன் வெளிய வேடிக்கை பார்ப்பான்னு எல்லாரும் நினைக்கிறான். கிடையாது. அவன் நம்ம மூஞ்சியவே பார்ப்பான். சிரிப்பான். வாங்க சார்னு நகர்ந்து எடம் குடுப்பான். எவன் அநியாயத்துக்கு மரியாதையா இருக்கானோ அவன்கிட்ட டிக்கெட் இல்ல." இப்போது இந்த மேஜையே அநியாயத்துக்கு மரியாதையாய் இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் இரண்டும் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. நான்? நானும்தான்.

அவர் டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, இடுக்கியை ஒதுக்கிவிட்டு, விரலாலேயே ஒரு கட்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டார். களுக். இவளைப் பார்த்தார். இன்னொன்று. களுக். இவள் ஜாம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜாமில் ஸ்ட்ராபெரியின் விதை தெரிந்தது, எள்ளைவிடப் பொடி. மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு போடாமல் இருந்தார். போடுங்களேன், சீக்கிரம் போட்டுத் தொலையுங்களேன் என்று இருந்தது இவளுக்கு. போட்டார். கரண்டியால் கலக்கினார், கலக்கினார், கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். "கொடி" என்றார். "ம்?" "நீ ஒண்ணும் சொல்லலையே?" "என்ன சொல்லணும்? குடிங்க. நல்ல நாளும் அதுவுமா..." "இல்ல. சும்மா கேட்டேன்." அவர் கண்ணில் இருந்த வேடிக்கை போய்விட்டது. பஸ்ஸின் பின் படியில் ஏறி, யாரையும் கேட்காமல் வரிசையாய் மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டு வருவாரே, அந்தக் கண். செழியன் மூஞ்சியில் நின்றது, கயல் மூஞ்சிக்குப் போனது. கயல் நாப்கினை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி மூக்கைத் துடைத்தாள். அடுத்தது நான்தான். இதோ திரும்பப் போகிறார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை பேர் சேர்ந்து, கல்லு என்று சொல்லி, ரிப்போர்ட்டை மறைத்து, ப்ரமோஷன் என்று நாடகம் போட்டு, கடைசியில் யார் அவரிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பது? நான். என் கை. மடியில் அடக்கமாய் உட்கார்ந்திருக்கிற இந்தக் கை. இது எழுந்து போய் அவரைத் தட்டாமல் இருப்பதைவிடப் பெரிய ரிப்போர்ட் எந்த ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள்? வீட்டில் இருந்தபோது இந்த வம்பில்லை, அவரே ஒன்றும் கேட்கவில்லை, கஞ்சியும் ரசமுமாய் ஓடியது. இங்கே கொண்டுவந்து கண்ணெதிரே இனிப்பைக் குவித்து வைத்து, நீ வாயைத் திறக்காதே என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, அறிவுகெட்ட பிள்ளைகளா, படித்துக் கிழித்தீர்களே. தட்டிவிட்டால்? இப்போதே, இந்த நிமிஷமே தட்டிவிட்டால் அவர் நம்பிவிடுவார். இவ இன்னும் சண்டை போடுறா, அப்போ எனக்கு ஒண்ணுமில்லை என்று நம்பிவிடுவார். தட்டினால் அந்த இனிப்புப் போச்சு. பதினெட்டு வருஷமாய் ஏங்கின நாக்கு. நாவுக்கரசு என்று எந்த நேரத்தில் பேர் வைத்தார்களோ, நாக்கை வைத்துத்தான் மனுஷன் பிழைத்தார், பேசினார், ருசித்தார். கயல் கல்யாணத்தில் பண்டக அறைக்குள் மறைந்து நின்று ஒரு லட்டைத் தின்றவரை மீசையில் ஒட்டியிருந்த பூந்தியை வைத்துப் பிடித்தாள். பாதி லட்டு கையிலேயே இருந்தது, பிடுங்கிப் போட்டாள், சம்பந்தி வீட்டார் பார்க்கப் பார்க்க. அவர் திருதிருவென்று முழித்துவிட்டுச் சிரித்தார். அந்த மிச்சப் பாதியை விட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? எதற்கு இத்தனை வருஷம் ராத்திரி பகலாய்க் காவல்? கால் விரல் ஒன்று போன பிறகு பயந்து, காலைக் காப்பாற்றினேன், கண்ணைக் காப்பாற்றினேன், கிட்னியைக் காப்பாற்றினேன் என்று பீற்றிக்கொண்டேனே. நான் முன்வாசலில் கம்பு வைத்துக்கொண்டு நிற்கிறேன், எமன் கொல்லைப் பக்கமாய் வந்து வீட்டையே எடுத்துக்கொண்டான். கடைசியாய் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வயிறாரத் தின்னட்டும் என்று விட்டால், தின்கிற ஒவ்வொரு வாயும் அவருக்குச் சேதி சொல்கிறது. தின்னவும் வேண்டும், தெரியவும் கூடாது என்றால் எப்படி? இரண்டில் ஒன்றுதான். எதை எடுக்க, எதை விட. கடவுளே, இதையுமா என்னையே முடிவு பண்ணச் சொல்கிறாய்.

அவர் இரண்டாவது கேக்கை எடுத்தார், அந்த எலுமிச்சை மஞ்சள் கேக்கை. இந்தத் தடவை கை அந்தரத்தில் நிற்கவில்லை, எதிர்பார்ப்பதை விட்டுவிட்டது. அதுதான் தாங்கவில்லை. பாதியைக் கடித்தார். ருசிக்கிற முகம் இல்லை அது, மருந்து குடிக்கிற முகம். கண் மெதுவாக மேஜையை விட்டு விலகி, எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கப் போனது. சுவர். பொற்கொடியின் கை முந்தானையை உதறிக்கொண்டு தானாகவே பாய்ந்தது. பளாரென்று அவர் புறங்கையில் ஒரு அடி. மிச்சக் கேக்கு தட்டில் விழுந்து, தட்டோடு இவள் பக்கம் வந்தது. "போதும் வைங்க கீழே! போனாப் போவுதுன்னு பார்த்தா நீங்க பாட்டுக்கு உள்ள தள்ளிக்கிட்டே இருக்கீங்க? வெக்கமா இல்ல? டீயில மூணு கட்டி! மூணு! நான் பார்க்கலைன்னு நெனப்பா? சுகர் ஏறி மயங்கி விழுந்தா யாரு தூக்கிக்கிட்டு அலையறது?" பியானோக்காரன்கூட ஒரு நொடி தடுமாறினான். "அம்மா!" என்று செழியன் பல்லைக் கடித்தான். "நீ வாயை மூடுடா. ப்ரமோஷன் வந்தா அது உன்னோடது. அவரு உடம்பு என்னோட கணக்கு."

நாவுக்கரசு புறங்கையைத் தேய்த்துக்கொண்டார். தேய்த்துக்கொண்டே இவளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்த முகத்தில் ரத்தம் ஊறியது, கன்னத்து எலும்புக்கு மேலே, கண்ணுக்குக் கீழே. "வந்துட்டாங்கய்யா" என்றார், முதலில் மெதுவாக. அப்புறம் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வந்துட்டாங்கய்யா இன்ஸ்பெக்டரம்மா! எங்கடா இன்னும் காணோமேன்னு பார்த்தேன்." பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். மகிழினி கை தட்டினாள், "நான் அப்பவே சொன்னேன்ல, பாட்டி அடிப்பாங்கன்னு." "ஸ்டார் ஹோட்டல்ல கட்டின புருஷனை அடிக்கிறா பாருங்கய்யா, கேக்க நாதி இல்லையா?" என்று பரிமாறுகிற பெண்ணிடம் முறையிட்டார். சர்க்கரை போட்ட டீயைத் தானே தள்ளி வைத்தார். "வேற டீ கொண்டாம்மா. சர்க்கரை இல்லாம. எங்க வீட்டம்மா பார்வையையே சர்க்கரையா நெனச்சுக் குடிச்சிருவேன்." என்ன பேச்சு, எத்தனை நாளாயிற்று இப்படிப் பேசி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலும் மேலும் பேசினார். கல்லு கரைந்ததும் ஒரு எட்டு திருச்செந்தூர் போகவேண்டும், மகியின் லீவுக்குச் சரியாக இருக்கும், பஸ்ஸில்தான் போகவேண்டும், ஜன்னல் சீட்டு. கயல் எழுந்து கைகழுவப் போகிறேன் என்று போனாள். பொற்கொடி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தலையாட்டினாள், உள்ளே ஒரு பாவி கூத்தாடிக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டார். சுவர்ப் பக்கம் போக இருந்த மனுஷனைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கூடவே கண் கீழே போனது. தன் முன்னால் இருந்த தட்டில் அந்த மஞ்சள் கேக்கின் பாதி, அவர் பல் பதிந்த இடத்தில் க்ரீம் வழிந்தபடி. அதைப் பிடுங்கியவளும் நான்தான். எடுத்துக்கொடுக்கவும் முடியாது, வாயில் போடவும் முடியாது. நாப்கினை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

"சரி சரி, ஒண்ணரை கேக்கு உள்ள போயிருச்சு" என்று நாவுக்கரசு நல்ல மனநிலையில் சொன்னார். "முறைக்காதே. மாத்திரையைக் குடு." அவர் பேசிக்கொண்டே செழியன் பக்கம் திரும்பியிருந்தார், இவளைப் பார்க்கவில்லை, உள்ளங்கை மட்டும் இவள் பக்கம் நீண்டது. எப்போதும் அப்படித்தான். வெளியில் எங்கே சாப்பிடப் போனாலும், கல்யாணமோ காதுகுத்தோ, அன்றைக்கு ஏறுகிற சர்க்கரைக்கென்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இவள் பையில் இருக்கும். வீட்டில் தினமும் போடுவது வேறு, இது விருந்துக்கு மட்டும். கல்யாண மாத்திரை என்பார். பந்தியில் கையை நீட்டுவார், இவள் வைப்பாள், தண்ணீரோடு உள்ளே போகும். கல்யாணப் பத்திரிகையை எடுக்க மறந்திருக்கிறாள், மொய்க் கவரை மறந்திருக்கிறாள், ஒரு தடவை தாலிக்கொடியைக்கூடக் குளியலறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த மாத்திரையை மறந்ததில்லை.

பையைத் திறந்தாள். சால்வை இருந்தது. வலி வந்தால் போட என்று கொடுத்த மாத்திரை இருந்தது. வாந்தி வந்தால் பிடிக்க மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர் இருந்தது, ஈரத்துணி இருந்தது, மாற்றுச் சட்டைகூட இருந்தது. இன்று காலையில் இவளே ஒவ்வொன்றாய் யோசித்து யோசித்து அடுக்கிய பை. யாரும் இதை வைக்காதே என்று சொல்லவில்லை. மறக்கவும் இல்லை, அலமாரியில் அந்த டப்பாவைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் பக்கத்தில் இருந்த வலி மாத்திரையை எடுத்தாள், இப்போது ஞாபகம் வருகிறது. இது இனி எதற்கு என்றுகூட நினைக்கவில்லை. கை அதுவாகவே ஒதுக்கியது. துழாவினாள். பக்க ஜிப்பைத் திறந்தாள், உள் ஜிப்பைத் திறந்தாள், சாவிக்கொத்தை வெளியே எடுத்து வைத்தாள். இல்லை என்று தெரிந்தும் விரல் துழாவிக்கொண்டே இருந்தது. நீட்டிய உள்ளங்கை அப்படியே இருந்தது. அப்புறம் அவர் பேச்சை நிறுத்தினார், திரும்பினார். இவள் முகத்தைப் பார்க்கவில்லை. பைக்குள் பார்த்தார். சால்வையைப் பார்த்தார், மடித்த கவரைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "இங்கதான் வச்சேன்" என்றாள் பொற்கொடி. "இருங்க, இங்கதான்... காலைல அவசரத்துல..."

அவர் உள்ளங்கையை மெதுவாக மூடிக்கொண்டார். "சரி, விடு" என்றார். சாவிக்கொத்தை எடுத்து அவரே பைக்குள் போட்டார், ஜிப்பை இழுத்து மூடினார், பையை இவள் மடியில் வைத்து அதன்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தார். எதிரே செழியன் கோப்பைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாவுக்கரசு இவள் முன்னால் இருந்த தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். நாப்கினை எடுத்து மடித்து ஓரமாய் வைத்துவிட்டு, மிச்சமிருந்த பாதிக் கேக்கை எடுத்து நிதானமாய்த் தின்றார், ஒரு துணுக்கு விடாமல். தட்டில் ஒட்டியிருந்த க்ரீமை விரலால் வழித்து அதையும் தின்றார். மகிழினி வாயைத் திறந்தாள், பாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு கொடி" என்றார். மேல்தட்டில் கடைசியாய் இருந்த சாக்லேட் கேக்கை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "நீயும் ஒண்ணு சாப்பிடு."

அவள் வாங்கிக்கொண்டாள்.